பாலில் கரைந்த மாத்திரை

கறிக்கடையில் அவளைக் கத்தியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தொடை எலும்பை ஒரே வெட்டில் இரண்டாக்குகிற கை. அந்தக் கைதான் வீட்டில் அடி விழும்போது முகத்தை மூடிக்கொண்டு கிடக்கும். என்னத்தைச் சொல்ல.

கல்யாணமாகி ஏழு வருஷம், வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை. டாக்டரம்மா கருமுட்டை வளர மாதம் ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார். முதல் மாத ஸ்கேனில் முட்டை வளரவில்லை. புருஷன் பெல்ட்டைக் கழற்றினான். இரண்டாம் மாதமும் அதே கதை. அன்று ஒரு பல் போனது. "அடுத்த தடவையும் இல்லைன்னா பெட்டியைக் கட்டிக்கோ" என்றான்.

ஆனால் தினமும் காலையில் அவன்தான் பால் காய்ச்சிக் கொடுத்தான். அந்த ஒரு தம்ளர் பாலுக்காக எல்லாவற்றையும் மன்னித்தாள், பைத்தியக்காரி.

மூன்றாம் மாத ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. டாக்டரம்மா யோசித்தார்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறியாம்மா? நாங்க வளரச் சொல்றதை ஏதோ ஒண்ணு அமுக்குற மாதிரி இருக்கு."

"இல்லைங்க."

வீட்டுக்கு வந்து தேடினாள். சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் பாதி காலியான மாத்திரை அட்டை இருந்தது. தெருமுனை மருந்துக்கடைக்காரரிடம் நீட்டினாள்.

"இது குழந்தை வேண்டாம்னு போடுற மாத்திரை, அக்கா. முட்டையை வளரவே விடாது."

சாயங்காலம் வந்தவன் வாசலிலேயே கேட்டான், "என்னாச்சு?"

"வளரலை."

அவன் கை பெல்ட்டுக்குப் போனது. அவள் கடையிலிருந்து எடுத்து வந்திருந்த வெட்டுக்கத்தியைத் திருப்பிப் பிடித்து, முதுகுப் பக்கத்தால் மணிக்கட்டில் ஒரே போடு போட்டாள். எலும்பு முறியும் சத்தம் அவளுக்குப் பழக்கம்தான். அட்டையை அவன் முகத்தில் எறிந்தாள்.

அவன் தரையில் புரண்டு அலறினான். "என் தங்கச்சி குழந்தைக்காக வைத்தியம் பார்த்தப்போ முதல்ல இதைத்தான் கொடுத்தாங்க, அப்புறம்தான் பெத்தா. ரெண்டு மாத்திரையும் சேர்ந்தா சீக்கிரம் தங்கும்னு பொடிச்சு பால்ல போட்டேன். சொன்னா நீ டாக்டர்கிட்ட கேட்பே, அவங்க வேண்டாம்பாங்கன்னுதான் சொல்லலை."

"நீயே வளரவிடாம நிறுத்திட்டு நீயே அடிச்சியா?"

அன்றைக்கே பெட்டியைக் கட்டினாள்.

அடுத்த மாதம் தனியாக ஐந்து மாத்திரையையும் விழுங்கிவிட்டு ஸ்கேனுக்குப் போனாள். திரையில் உருண்டையாக ஒரு கறுப்பு வட்டம்.

"பதினெட்டு மில்லிமீட்டர், அருமையா வளர்ந்திருக்கு. உன் வீட்டுக்காரர் எங்கேம்மா?"

"அவரை விட்டுட்டேங்க. குறை என்கிட்ட இல்லைன்னு இதைப் பார்க்கத்தாங்க வந்தேன்" என்றாள் கத்தியக்கா. அப்புறம்தான் அழுதாள்.