இரத்தம் கொடுக்க வந்தவள்

போன புதன்கிழமை எங்கள் பல்கலைக்கழக மண்டபத்தில் இரத்ததான முகாம். ஜொகூர் பாருவில் நான் விரிவுரையாளராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. பதிவு மேசைக்கு ஆள் வேண்டும் என்றால் முதலில் கை தூக்குவது நான்தான்.

முதலாண்டு மாணவி ஒருத்தி வந்தாள். பவித்ரா என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது வயது. சிகாமட் பக்கம் ஒரு தோட்டத்துப் பெண். ஃபாரத்தில் இருந்த அத்தனை கேள்விக்கும் மேலிருந்து கீழே 'இல்லை' என்று டிக் அடித்தாள். ஒன்றையும் படிக்கவில்லை. படித்துப் பார்த்துப் போடச் சொன்னேன். அவள் குனிந்து கேட்டாள்.

"மிஸ், இந்த ரத்தத்துல எச்.ஐ.வி டெஸ்ட் பண்ணுவாங்கதானே? ஏதாச்சும் இருந்தா நமக்கு கால் பண்ணுவாங்கதானே?"

வேறொருவரை மேசையில் உட்கார வைத்துவிட்டு, அவளை மண்டபத்தின் மூலைக்கு அழைத்துப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குக் காதலனின் வாடகை வீட்டில் இருந்திருக்கிறாள். பாதுகாப்பு எதுவும் இல்லை. அவனும் இங்கேதான் படிக்கிறான். முகாமுக்கு முந்தின நாள் அவனிடமிருந்து மெசேஜ் - டெஸ்டில் அவனுக்குப் பாசிட்டிவ், நீயும் பார்த்துக்கொள் என்று. அதோடு இவளை ப்ளாக் செய்துவிட்டான்.

"ரெண்டு பேருமே படிச்சவங்க, நமக்கு என்னா வரப்போகுதுன்னு நெனச்சேன் மிஸ்."

கிளினிக்குக்குப் போகவில்லையா? கேம்பஸ் கிளினிக்கில் பேரைச் சத்தமாகக் கூப்பிடுவார்களாம். ஊர் கிளினிக்கில் சித்தி துப்புரவு வேலை செய்கிறாராம்.

"இது ஃப்ரீ மிஸ். ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க. முடிஞ்சதும் குடிக்க மைலோ குடுத்து தேங்க்யூ சொல்லுவாங்க. ரத்தம் குடுத்தேன்னு அம்மாகிட்டகூட சொல்லலாம்."

புத்திசாலிப் பெண். ஆனால் எவ்வளவு ஆபத்தான புத்திசாலித்தனம்! கிருமி புகுந்த முதல் நாள்களில் எந்த டெஸ்டிலும் அது தெரியாது. அந்த இரத்தம் ஆபரேஷன் மேசையில் கிடக்கும் யாருக்காவது ஏறியிருக்கும். இவளும் யாரும் கூப்பிடவில்லையே என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்...

இதை இவளுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? நான்தான்.

புதிய மாணவர்கள் பதிவு நாளில் உடல்நலம் பற்றிப் பேச எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்தார்கள். எச்.ஐ.வி பற்றி நான்கு ஸ்லைடு இருந்தது. பின்வரிசையில் பெற்றோர்கள். பட்டுச்சேலை கட்டி, வேன் பிடித்து வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் ஆணுறை என்று எப்படிச் சொல்வது? நான்கையும் தாண்டிவிட்டு, எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான் என்ற கதையைச் சொன்னேன். பலத்த கைதட்டல். (பேப்பரில் நான் எழுதும் இந்தப் பத்தியிலும் அதைச் சொல்லாமல் விட்டதில்லை என்று நீங்கள் கிண்டல் செய்வது எனக்குத் தெரியும்.)

முகாம் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் ஃபாரத்தைக் கேட்கவில்லை, மணியைத்தான் கேட்டார். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்தால் கிருமியைத் தடுக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, அப்புறம் பயனில்லை. இருபத்தெட்டு நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

அப்போது மணி பதினொன்றே முக்கால். கெடு இரண்டு மணி.

மாத்திரை பெரிய மருத்துவமனையில்தான் கிடைக்கும். காரை எடுத்தேன். வழியெல்லாம் ஜாம். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் பவித்ரா ஃபோனில் மணி பார்த்தாள். மருத்துவமனையில் பார்க்கிங் கிடைக்கவே இருபது நிமிடம். கவுண்டரில் அவள் என் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். நான்தான் மலாயில், தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னேன். நம்பர் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். மணி ஒன்று பத்து.

எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஓர் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னை உற்றுப் பார்த்தார்.

"நீங்க பேப்பர்ல எழுதறவங்கதானே? கவுண்டர்ல சொன்னது காதுல விழுந்துச்சு... உங்களுக்காம்மா?"

யோசிக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்தது.

"ஐயோ, எனக்கில்லைங்க. இந்தப் பொண்ணுக்கு."

அந்த அம்மா பவித்ராவைப் பார்த்தார். பவித்ரா எழுந்தாள். நம்பர் சீட்டை நாற்காலியில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

என் பேரைக் காப்பாற்ற எனக்கு ஒரு விநாடி போதுமாக இருந்தது. அதற்கு விலையாக எதைக் கொடுத்தேன் என்று பார்த்தீர்களா? மருந்து உள்ளே இருக்கிறது, நேரம் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். நம் பிள்ளைகளை வாசலிலேயே திருப்பி அனுப்புவது கிருமி அல்ல - பக்கத்து நாற்காலி.

கார் நிறுத்துமிடத்தில் அவளைப் பிடித்தேன். படித்த படிப்பு ஒன்றும் கைகொடுக்கவில்லை.

"தப்பு பண்ணிட்டேன் மா. என் மேல எவ்வளவு கோவம் வேணும்னாலும் படு. மாத்திரைய சாப்பிட்டுட்டுக் கோவப்படு."

அழுதாள். ஆனால் திரும்பினாள்.

இந்த முறை அந்த அம்மாவுக்கும் அவளுக்கும் நடுவில் நான் உட்கார்ந்தேன். எங்கள் நம்பரைக் கூப்பிட்டபோது அவளுடன் எழுந்து, எல்லார் கண் முன்னாலும் அந்த அறைக்குள் போனேன். முதல் மாத்திரையை அவள் விழுங்கியபோது மணி ஒன்று நாற்பத்தெட்டு.

முடிவு தெரிய இன்னும் சில மாதமாகும். மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறாள். அடுத்த பதிவு நாளில் நான்கு ஸ்லைடையும் காட்டுவேன், பின்வரிசையில் யார் உட்கார்ந்திருந்தாலும்.

திரும்பி வரும்போது காரில் அவள் கேட்டாள்.

"இத பத்தி எழுதுவீங்களா மிஸ்?"

வேண்டாம் என்றால் எழுத மாட்டேன் என்றேன். மாத்திரைப் பொட்டலத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"பேர மாத்தி எழுதுங்க. ஆனா அந்த அம்மாகிட்ட நீங்க சொன்னீங்கள்ல... அத விட்றாதீங்க."

விடவில்லை.