கடலூர் என்ன வெளியூரா?

இரண்டு வருஷத்துக்கு முன்னால், வைகாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் பேத்திக்கு வளைகாப்பு. என் மகள் வயிற்றுப் பேத்தி; அங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கிறோம். வளையல் போட்டு முடித்ததும் பிரசவத்துக்கு அவளைச் சிதம்பரத்துக்குக் கூட்டி வரவேண்டும். நான் இருப்பதும் சிதம்பரத்தில் மகள் வீட்டில்தான். மருமகனிடம் ஒரு கார் இருக்கிறது. அதில்தான் போனோம். வந்தது எதில் என்பதுதான் கதை.

கார் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மருமகன் கைக்கு வருவதற்கு முன்பே பல கை பார்த்த வண்டி. ஆனால் அதை அவர் துடைக்கிற துடைப்பைப் பார்க்க வேண்டுமே! என் மகள் முகத்தை ஒரு நாளாவது இப்படித் துடைத்து விட்டிருக்கிறீர்களா மாப்பிள்ளை என்று கேட்டிருக்கிறேன். சிரிப்பார். துடைப்பதை நிறுத்தமாட்டார்.

வளைகாப்புக்குச் சில நாள் முன்னால் அந்த வண்டிக்கு இடது பக்க முன் சக்கரத்தின் மேலே இருக்கிற ஸ்பிரிங் உடைந்துபோனது. வெற்றிலை போட்டவர் துப்புவதற்கு இடம் தேடுகிற மாதிரி வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. குமராட்சி போகிற ரோட்டில் ஒரு ஷெட் இருக்கிறது. அந்த மெக்கானிக் மருமகனோடு ஒன்றாகப் படித்தவர். ரேஷன் கடையிலிருந்து என்னை ஏற்றிக்கொண்டு வந்த மருமகன் நேராக அங்கே விட்டதால் நானும் அரிசிப் பையோடு கூட இருந்தேன்.

இந்த மாடலுக்கு ஸ்பிரிங் யாரும் கையில் வைத்திருப்பதில்லை, சென்னையிலிருந்துதான் வரவேண்டும் என்றார் மெக்கானிக். மருமகன் முகம் அவர் வண்டியைப் போலவே சாய்ந்துவிட்டது.

"அதுக்குள்ள வளைகாப்பு வந்துடும் மச்சான். எதனா ஒப்பேத்தேன்."

"வாடகை வண்டி வெச்சிக்கினு போயேன்."

"என் பொண்ண என் வண்டிலதான்டா கூட்டியாருவேன்."

மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டே போய் ஒரு பழைய லாரி டயரை இழுத்து வந்தார். அதிலிருந்து கட்டை கட்டையாக ரப்பரை வெட்டி, ஸ்பிரிங் சுருளுக்கு நடுவில் அடித்து இறக்கி, கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டினார். ஜாக்கியை இறக்கியதும் வண்டி நிமிர்ந்து நின்றது பாருங்கள், புது மாப்பிள்ளை தோற்றான்! செலவு என்று பார்த்தால் டீக்குக் கொடுத்ததோடு சரி.

"மச்சான், இது சும்மா ஒப்பேத்துதான். ஊருக்குள்ள மெதுவா ஓட்டிக்க. வெயிட்டு ஜாஸ்தி ஏத்தாத. வெளியூரு மட்டும் எடுத்துடாத."

"சரி மச்சான், சரி."

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்: "அப்ப கடலூருக்கு எதுலங்க போறது?"

மருமகன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கடலூரு என்ன வெளியூரா? நம்ம ஜில்லாடி. கலெக்டர் ஆபீசே அங்கதான் இருக்கு. வெளியூருன்னா திருச்சி, சேலம்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சிதம்பரத்துக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். பட்டா வேலை, கோர்ட்டு வேலை என்று காலையில் கடலூர் போய்விட்டு மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அதைப் போய் யாராவது வெளியூர் என்பார்களா?

ஒன்று சொல்லவேண்டும். ஒப்பேத்துவது தப்பென்று நான் சொல்லமாட்டேன். எங்கள் வீட்டில் பாதிச் சாமான் அப்படித்தான் ஓடுகிறது. என் மூக்குக் கண்ணாடிக்கு ஒரு காது நூல்தான். மிக்ஸி மூடியை ரப்பர் பேண்டு பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் மிக்ஸி மூடி பறந்தால் சட்னி சுவருக்குப் போகும், அவ்வளவுதான். சக்கரம் விஷயம் அப்படி இல்லை என்பது எங்கள் யார் மூளைக்கும் எட்டவில்லை.

காலையில் போகும்போது ஒரு குறையும் இல்லை. ரோட்டில் கிடந்த கடலைத் தொலிமேல் சக்கரம் ஏறினாலும் என் முதுகெலும்புக்குச் சேதி வந்தது, அதோடு சரி. "பாத்தீங்களா அத்தே, எப்பிடிக் கல்லு மாதிரி நிக்கிதுன்னு" என்றார் மருமகன். "ஆமாம் மாப்ள, கல்லு மேல ஒக்காந்த மாதிரியேதான் இருக்குது" என்றேன்.

வளைகாப்பு நிறைவாக நடந்தது. பேத்தியின் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். மத்தியானம் கிளம்பும்போது சம்பந்தி வீட்டார் ஐந்து வகைச் சாதத்தையும் தூக்குப் பாத்திரத்தில் போட்டுக் கொடுத்தார்கள். பழக்கூடை, சீர்த்தட்டு, பேத்தியின் இரண்டு பெட்டி. கடைசியில் பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றை இரண்டு பேர் சேர்ந்து தூக்கி வந்து டிக்கியில் வைத்தார்கள். அதைப் பார்த்தால், அதற்கும் ஒரு வளைகாப்பு நடத்தலாம் போல இருந்தது. வெயிட்டு ஏத்தாதே என்று ஒருவர் சொன்னது அப்போது யாருக்கு ஞாபகம்?

முன்னால் மருமகனும் மகளும். பின்னால் இடது பக்க ஜன்னலோரம் பேத்தி, பக்கத்தில் நான். பேத்திக்குப் புழுங்கக்கூடாது என்று கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டிருந்தார். ஆலப்பாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வேகத்தடை. அதில் ஏறி இறங்கியபோது 'டங்' என்று ஒரு சத்தம்.

"என்னப்பா அது?" என்றாள் பேத்தி.

"பலாப்பழம் உருண்டிருக்கும்மா."

நாங்களும் நம்பினோம். அந்தப் பழம் உருண்டால் அப்படித்தான் கேட்கும்.

கொஞ்ச நேரத்தில் இடது பக்கத்தில் ஒரு ஸ்கூட்டி வந்தது. ஓட்டியவளுக்கு நாற்பது வயசு இருக்கும், ஹெல்மெட் போட்டிருந்தாள். பின்னால் என் வயசில் ஒரு அம்மா, கையில் மடக்கிய குடை. ஓட்டியவள் எங்களைப் பார்த்து ஏதோ கத்தினாள். கண்ணாடி ஏற்றியிருந்ததால் வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. கையைக் கீழே நீட்டி நீட்டிக் காட்டினாள்.

ரோட்டில் ஒருவர் கையைக் காட்டினால் நம் ஊரில் அதற்கு என்னென்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். "லைட்டு எரியுதான்னு பாருங்க" என்றாள் மகள். எரியவில்லை. "சைடு ஸ்டாண்டு எடுக்கலையோ என்னமோ" என்றேன் நான். காருக்கு ஏது ஸ்டாண்டு என்று பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். மருமகன்தான் கண்டுபிடித்தார். "கீழ காட்டுறாங்கன்னா முந்தானைதான். கதவுல மாட்டியிருக்கும், பாருடி." மகள் கதவை லேசாகத் திறந்து முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி சாத்தினாள். அது வெளியே தொங்கவே இல்லை என்று பிறகுதான் சொன்னாள்.

விஷயம் முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். ஸ்கூட்டி விடவில்லை. பின்னாலிருந்த அம்மா குடையை ஓங்கி ஓங்கி ஆட்டினாள்.

"இந்தக் கெழவிக்கு நம்ம மேல என்ன கோவம்?" என்றேன்.

"வண்டிய நிறுத்துங்களேன்" என்றாள் மகள். உடனே அவளே, "வேணாம் வேணாம், வயித்துப் புள்ளக்காரியோட வழியில நிக்கக் கூடாது" என்று மாற்றிக்கொண்டாள். மருமகன் வேகம் கூட்டினார். ஸ்கூட்டி பின்தங்கிவிட்டது.

எனக்குக் கிண்டல் ஊறிவிட்டது. "பாவம், இவ்ளோ தூரம் வந்து முந்தானைய காப்பாத்திக் குடுத்தாங்க. ஒரு டாட்டா காட்டுடி" என்றேன். பேத்தி கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, நன்றாக ஆட்டினாள். வளையல் எல்லாம் கலகலவென்றது.

ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. ஹாரனை அழுத்திய கை எடுக்காமல் அந்த ஸ்கூட்டி எங்களைத் தாண்டிப் போய், நட்ட நடு ரோட்டில் குறுக்கே நின்றது. மருமகன் பிரேக்கைப் போட்டு நிறுத்தியதில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார்.

"ஏம்மா, வூட்ல சொல்லிட்டு வந்துட்டீங்களா?"

குடைக்கார அம்மா இறங்கினாள். "நீ சொல்லிட்டு வந்தியாடா? மொதல்ல உன் சக்கரத்தப் பாரு!"

மருமகன் குனிந்து பார்த்தார். குனிந்தவர் நிமிரவில்லை. அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

நானும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். ரப்பர் கட்டை ஒன்றுகூட இல்லை, எல்லாம் வழியில் விழுந்துவிட்டது. கட்டுக்கம்பி பிரிந்து தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. உடைந்த ஸ்பிரிங்கின் முனை இறங்கி டயரின் உள்பக்கத்தில் உட்கார்ந்து சுற்றிச் சுற்றி அறுத்ததில், டயர் நூல் நூலாகத் தெரிந்தது. ரப்பர் தீய்ந்த நாற்றம். நிறுத்தாமல் போயிருந்தால் இதோடுதான் வெள்ளாற்றுப் பாலம் ஏறியிருப்போம். எதிரே ஒன்றன்பின் ஒன்றாக லாரி வந்துகொண்டிருந்தது. பின் சீட்டில் பேத்தி வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "என்னப்பா? என்னாச்சுப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவள் நான். அன்றைக்குக் கேலியை விட்டுவிட்டு, ஓடிப்போய் அவள் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

பேத்தியை மெதுவாக இறக்கி ஒரு வேப்பமர நிழலில் உட்கார வைத்தோம். ஸ்கூட்டிக்காரி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் வேர்வை.

"கார் ரிப்பேரு பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. கம்பி தொங்குது, தீயுற நாத்தம் வருது, அதான் சொல்லலாம்னு வந்தோம். நீங்க நிக்கல. எங்க வூட்டுக்கு ஆலப்பாக்கத்துலயே திரும்பணும். சரி, சொல்லியாச்சு, எப்பிடியோ போறாங்கன்னு திரும்பத்தான் பாத்தேன்."

"அப்புறம் ஏம்மா இவ்ளோ தூரம் வந்த?" என்றேன்.

அவள் பேத்தியின் கையைக் காட்டினாள். "பாப்பா கைய வெளிய நீட்டி ஆட்டுனுச்சு. முழங்கை வரிக்கும் வளையலு. அடக் கடவுளே, புள்ளத்தாச்சி இருக்குது உள்ளன்னு தெரிஞ்சிபோச்சு. அதுக்கப்புறம் எப்பிடிம்மா வுட்டுட்டுப் போறது?"

நான் கேலிக்கு ஆட்டச் சொன்ன கை அது.

அந்த இரண்டு பேரும் மாமியாரும் மருமகளும்; கடலூரில் மாதா கோயிலில் காலைப் பூசைக்குப் போய்விட்டு, ஆஸ்பத்திரியில் ஒரு சொந்தக்காரரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். அந்த அம்மாவுக்குச் சர்க்கரை. சாப்பிடுகிற நேரம் எப்போதோ தாண்டிவிட்டது, கை நடுங்கியது. குடை அப்படி ஆடியதில் பாதி கோபம், பாதி பசி. தூக்கைத் திறந்து எலுமிச்சைச் சாதத்தைத் தட்டில் போட்டு அவள் கையில் கொடுத்தேன்.

"கொடையாலயே என்னப் போட்டுடுவீங்கன்னு நெனச்சேன்" என்றேன்.

"போட்டிருக்கணும். நீதான இளிச்சிக்கினு டாட்டா காட்டச் சொன்னது? பின்கண்ணாடில எல்லாம் தெரிஞ்சுது."

"பல்லு இல்லாதவ இளிச்சா உனுக்கு எப்பிடித் தெரியும்?"

சாதத்தோடு சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டி விட்டேன். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவியவள், பேத்தியின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டு ஏதோ முணுமுணுத்தாள். வளைகாப்பில் எல்லோருக்கும் கொடுத்து மீந்த வளையல் இருந்தது. பேத்தி அதை எடுத்து இருவர் கையிலும் போட்டுவிட்டாள். மருமகன் கிட்டே வந்து கையெடுத்துக் கும்பிட்டார். அந்த மனுஷன் கண்ணில் தண்ணீரைக் கல்யாணத்தில் மகளை அனுப்பியபோதுகூட நான் பார்த்ததில்லை.

ஸ்கூட்டிக்காரி ரோட்டில் வந்த காலி ஆட்டோ ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினாள். பேத்தி, மகள், நான் மூன்று பேரும் அதில் பத்திரமாகச் சிதம்பரம் வந்து சேர்ந்தோம். ஆட்டோ கிளம்பி வளைவு தாண்டுகிறவரை அந்த இரண்டு பேரும் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மெக்கானிக் ஒரு லோடு வண்டியோடு வந்து காரை ஏற்றிக்கொண்டு போனார். வீட்டு வாசலில் நின்று அவர் சத்தம் போட்டது தெருமுனை வரை கேட்டது.

"வெளியூரு எடுத்துடாதன்னு படிச்சிப் படிச்சி சொன்னேன்ல மச்சான்?"

"கடலூரு வெளியூருன்னு நீ சொல்லலையே மச்சான்" என்றார் மருமகன், மிக மெதுவாக.

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் தெருவில் போன ஆட்டைப் பார்த்தேன். புது ஸ்பிரிங் சென்னையிலிருந்து வந்து மாட்டும்வரை அந்த வண்டி ஷெட்டை விட்டு நகரவில்லை.

அடுத்த மாதம் பேத்திக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை. இப்போது வீடெல்லாம் ஓடி என் வெற்றிலைப் பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறாள். அன்றைய பதற்றத்தில் அந்த இரண்டு பேருடைய பெயரை நாங்கள் ஒருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு இரண்டு முறை ஆலப்பாக்கத்தில் இறங்கி விசாரித்தோம். ஸ்கூட்டி வைத்திருக்கிற மருமகளும் சர்க்கரை இருக்கிற மாமியாரும் அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு இருந்தார்கள், எங்களுக்கு வேண்டியவர்கள் மட்டும் கிடைக்கவில்லை.

அதனால் தினம் விளக்கு ஏற்றும்போது அவர்களுக்காக வேண்டிக்கொள்கிறேன். பெயர் தெரியாமல் வேண்டினால் போய்ச் சேருமா, அதுவும் அவர்கள் சாமி வேறாச்சே என்று பேத்தி கேட்கிறாள். அதை அந்த இரண்டு சாமியும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளட்டும். பசியோடு போகிற வழியை விட்டுவிட்டு, முகம் தெரியாத ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்காக இரண்டு பேர் துரத்தி வந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம், எங்கள் வீட்டுக் குழந்தைக்கு நாங்கள் பார்க்காத இடத்திலும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெம்பாக இருக்கிறது.