நிபாரண்தா முடிக்காமல் வைத்திருந்த நாவல்

நாவல் எழுதுகிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. அவர்களுடைய கையெழுத்தோடு மல்லுக்கட்டித் தட்டச்சு அடிக்கிறவளுக்கு எங்கிருந்து வரும்? கோசாபா படகுத்துறைக்கு எதிரே இருப்பது என் ஜெராக்ஸ் கடை. பட்டா மனு, ரேஷன் விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அடித்துக் கொடுப்பேன். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு நாவல்தான் அடித்திருக்கிறேன். அதையே ஐந்து தடவை அடித்தேன்.

எழுதியவர் நிபாரண் காயேன். படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவர். எங்கள் ஊரில் தாதா என்றால் அண்ணன்; என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் அதைச் சுருக்கி நிபாரண்தா என்று கூப்பிடுவேன். ஒரு படகு போய் அடுத்த படகு வருவதற்குள் மடியில் நோட்டை விரித்து நான்கு வரி எழுதிவிடுவார். அவசரத்தில் மீதிச் சில்லறை தராமல் ஆளை அனுப்பிவிட்டு ஏச்சு வாங்கியதும் உண்டு.

முதல் வடிவம் ஒரே கூத்து. பாம்பு கடித்துச் செத்த புருஷனை வாழைத்தண்டுத் தெப்பத்தில் ஏற்றிக்கொண்டு ஆற்றோடு தேவலோகம் வரை போய் உயிரை மீட்டு வந்த பெண்ணின் கதை எங்கள் தீவுகளில் தாய்ப்பாலோடு புகட்டப்படுவது. நிபாரண்தா அதை எடுத்து, அவளுக்குக் கங்கனா என்று பெயர் வைத்து, கையில் வாளையும் கொடுத்துவிட்டார். ஆறு தலை நாகம், ஆற்றுக்கடியில் கண்ணாடி நகரம், பறக்கும் படகு என்று அவர் மனசுக்கு எது பிடித்ததோ எல்லாம் அதில் இருந்தது.

"ஏன் தாதா, இவ பக்கத்துக்குப் பக்கம் ஆளை வெட்டிக்கிட்டு நிக்கிறாளே, அதுக்குள்ள புருஷன் பொணம் அழுகிடாதா?" என்றேன்.

"மூலிகை பூசியிருக்கு. நாப்பதாம் பக்கம் பாரு."

"நாப்பதுல பறக்கிற படகுதான் இருக்கு."

"அப்ப நாப்பத்தொண்ணு. அடிம்மா, நொட்டை சொல்லாதே."

அவருடைய மகன் புபாய்க்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி விட்டு வந்ததும் என் கடை வாசலில் நின்று, நாகத்துக்கு ஏழாவது தலை வைக்கச் சொல்லி அப்பாவிடம் அடம் பிடிப்பான்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள், விடிந்ததும் அவன் வயிற்றை வலிக்கிறது என்றான். தொண்டை அடைக்கிறது என்றான். இமை தானாக இறங்கியது. கட்டுவிரியன் தூக்கத்தில் கடித்தால் தடம்கூடத் தெரியாது என்பதும், இமை இறங்கினால் என்ன அர்த்தம் என்பதும் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் முதலில் ஓஜா வீட்டுக்குத்தான் தூக்கிப் போனார்கள். விஷம் இறக்கும் ஓஜா வீடு பக்கத்தில் இருந்தது, ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அக்கரையில். மந்திரத்திலும் வேப்பிலையிலும் இரண்டு மணி நேரம் போயிற்று. நிபாரண்தா படகுத்துறை ஆள். ஒரு சத்தம் போட்டிருந்தால் எந்தப் படகும் திரும்பி வந்திருக்கும். ஏன் போடவில்லை என்று அவரை யாரும் கேட்கவில்லை, அவரே கேட்டுக்கொண்டது போதும் என்று விட்டுவிட்டோம். அக்கரை போய்ச் சேரும்போது பிள்ளை இல்லை.

பாம்பு கடித்தவனை எரிக்கக் கூடாது, தெப்பத்தில் விட வேண்டும், கீழ்த்திசையில் எங்காவது ஒரு பெரிய ஓஜா பார்த்து எழுப்பித் திருப்பி அனுப்புவான் என்பது பழைய வழக்கம். இப்போது யாரும் செய்வதில்லை. அவர் மனைவி தருலதா, அண்ணி முறையில் எனக்குப் பௌதி, விட்டே ஆக வேண்டும் என்று நின்றாள். நிபாரண்தாவின் அண்ணன்காரர் கத்தினார், காவல் நிலையம் வரை பேச்சுப் போனது. கடைசியில் அவள்தான் ஜெயித்தாள். வாழைத்தண்டு கட்டி, கொசுவலை போட்டு, பிள்ளையைப் படுக்க வைத்தார்கள். பெயரும் ஊரும் எழுதிய காகிதத்தைப் பிளாஸ்டிக்கில் சுற்றித் தெப்பத்தில் கட்டினார்கள். எழுதியது நிபாரண்தா.

தெப்பத்தில் போனவன் செத்தவன் இல்லை. அதனால் கருமாதி செய்யவில்லை. பௌதி அவனைப் பற்றி "இருந்தான்" என்று யாரையும் சொல்ல விடமாட்டாள். பிறந்தநாளுக்குப் பாயசம் வைத்து ஆற்றில் ஒரு கிண்ணம் ஊற்றுவாள்.

இரண்டாவது வடிவம் ஒரு வருடம் கழித்து வந்தது. வாள் இல்லை, கண்ணாடி நகரம் இல்லை. கங்கனா மனைவியாக இல்லை, அம்மாவாக இருந்தாள். தெப்பத்தில் கிடந்தது ஒரு பையன். நான் நொட்டை ஒன்றும் சொல்லாமல் அடித்துக் கொடுத்தேன்.

நான்காவது வருடம் மூன்றாவது வடிவம். அதில் ஓர் இடத்தில் என் கை நின்றுவிட்டது. ஆற்றின் மூன்றாவது வளைவில், கேவரா மரத்தின் வேர்களில் தெப்பம் சிக்கிக்கொள்கிறது. வலை கிழிந்திருக்கிறது. நண்டு பிடிக்க வந்த ஒருவன் அதைப் பார்க்கிறான், தள்ளிவிட நினைக்கிறான், தள்ளிவிட அதில் ஒன்றும் மீதமில்லை. சேற்றில் குழி தோண்டுகிறான். நிபாரண்தாவின் எழுத்தில் வழக்கமாக இருக்கும் ஜிகினா ஒரு துளி இல்லை.

மறுநாள் காலையில் அவர் ஓடி வந்தார். "பூரபி, அந்த ரெண்டு பக்கத்தை எடுத்துடு. தெப்பம் சிக்கல, அது பாட்டுக்குப் போகுது."

"தாதா, இதை நீங்க கற்பனை பண்ணி எழுதல."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். தெப்பம் விட்ட இருபதாம் நாளே அந்த நண்டுக்காரர் தெப்பத்தில் கட்டியிருந்த காகிதத்தை எடுத்துக்கொண்டு டிக்கெட் ஜன்னலுக்கு வந்தாராம். மன்னிச்சுக்கோங்க பாபு, தள்ளிவிட முடியல என்று கையெடுத்துக் கும்பிட்டாராம்.

"பௌதிக்குத் தெரியுமா?"

"அவ தினமும் ஆத்தைப் பாத்துட்டுத்தான் சோறு திங்கிறா. அதை எப்படிம்மா நிறுத்துவேன்?"

எடுத்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பாவம் என்றுதான் தோன்றியது. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பது பிறகுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு நாவல் முடியாமல் வளர்ந்தது. பௌதிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் தெரியும், அதனால் வாரா வாரம் அவரிடமே கேட்பாள், "தெப்பம் இப்ப எங்க இருக்கு?" அவர் சொல்வதற்கு ஓர் இடம் வேண்டும். குரலை அடகு வைத்தவர்களின் தீவு, நிழல் இல்லாத மீனவர்களின் தீவு, ஒரு நாள் முழுக்க ஒரே அலை அடிக்கும் கடல் என்று நான்காவது வடிவம் எழுநூறு பக்கம் ஓடியது. சொல்லத்தான் வேண்டும், நன்றாக இருந்தது. முதலில் எழுதிய பறக்கும் படகு விளையாட்டுச் சாமான், இவை அவர் வயிற்றெரிச்சலில் முளைத்தவை. கல்கத்தாவில் ஒரு பதிப்பாளர் படித்துவிட்டு, "எல்லாம் சரி ஐயா, தெப்பம் எங்கயாவது போய்ச் சேரணுமே" என்று தாள்கட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

பன்னிரண்டாவது வருடம் வந்தது. காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு வருடம் பார்த்துவிட்டு, தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து எரித்துக் கருமாதி செய்வது வழக்கம். அண்ணன்காரர் புரோகிதரோடு வந்து உட்கார்ந்துவிட்டார். அந்தப் பிள்ளையை ஒரு பிடி பிண்டம்கூட இல்லாமல் அலைய விடுவதா என்று கேட்டார். பௌதி அசையவில்லை.

"இவரு புஸ்தகம் முடியட்டும். தெப்பம் எங்க போச்சுன்னு தெரிஞ்சப்புறம் புல்லைக் கொளுத்துங்க. அதுக்கு முன்னால கொளுத்தினா நான் அந்த நெருப்புல விழுவேன்."

முடிச்சு நிபாரண்தாவின் கையில் வந்து விழுந்தது. முடித்தால் மகன் சாவான். முடிக்காவிட்டால் பிண்டம் இல்லாமல் அலைவான். ஒரு மாதம் எதுவும் எழுதவில்லை. பிறகு ஐந்தாவது வடிவத்தைக் கொண்டு வந்தார். எழுநூறு பக்கத்தின் கடைசியில், நான் எட்டு வருடத்துக்கு முன்னால் எடுத்த அந்த இரண்டு பக்கமும் திரும்பி வந்திருந்தது.

"நீ படிச்சுக் காட்டு பூரபி. என்னால முடியாது" என்றார்.

மறுநாள் பத்து மணிக்குப் பௌதி வந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டுப் படித்தேன். கேவரா வேர், கிழிந்த வலை, குழி. கங்கனா கரையில் உட்கார்ந்து அந்தச் சேற்றைப் பார்ப்பதோடு நாவல் முடிந்தது. பௌதி அழவில்லை.

"குழியை எவ்வளவு ஆழம் தோண்டினான்?"

"இடுப்பளவு."

"இது கதை இல்ல" என்றாள். "இந்த மனுஷன் கதை எழுதினா நண்டுக்கும் கிரீடம் வைப்பாரு. யாரு வந்து சொன்னாங்க?"

நான் பக்கங்களை அடுக்கி ஓரத்தைச் சரிசெய்தேன்.

"எப்ப சொன்னாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். போன மாதம் என்று சொல்லியிருந்தால் அந்த வீடு பிழைத்திருக்கும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வரவில்லை. "தெப்பம் விட்ட இருபதாம் நாள்" என்றேன்.

"உனக்கு?"

"எட்டு வருஷமா தெரியும் பௌதி."

அவள் எழுந்து தெருவைக் கடந்து டிக்கெட் ஜன்னலுக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன். பத்தரைப் படகுக்கு வரிசை நின்றது. மீன்கூடைக்காரிகள் அவளைப் பார்த்து வழிவிட்டார்கள். நிபாரண்தா நிமிர்ந்து பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"உன்னைச் சாக விடக்கூடாதுன்னுதான் தருலதா..."

"நாம ரெண்டு பேரும் சேந்து காத்துக்கிட்டிருக்கோம்னு நெனச்சேன்" என்றாள் பௌதி. குரலை உயர்த்தவே இல்லை. "அதனாலதான் தாங்கினேன். நீங்க காத்துக்கிட்டிருக்கல. பன்னெண்டு வருஷமும் நான் தனியாத்தான் இருந்திருக்கேன்."

புல் உருவத்தை அடுத்த அமாவாசையன்று எரித்தார்கள். பௌதி எதிர்க்கவில்லை, வரவும் இல்லை. அன்று மதியம் பெட்டியோடு படகுத்துறைக்கு வந்து, பசிர்ஹாட்டில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போக ஒரு டிக்கெட் வாங்கினாள். தலை மழித்து உட்கார்ந்திருந்த நிபாரண்தாதான் அதைக் கிழித்துக் கொடுத்தார்.