சின்னவளின் விரல்

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குக் குறை கண்டுபிடிக்கும் வேலை. தைத்து வந்த சட்டையை மேசையில் விரித்து, காலர், கைப்பட்டை, பொத்தான் துளை என்று கண்ணை ஓட்டி, தையல் விட்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டோடும் ஒரு சீட்டு வரும். எந்தத் தையலை எந்த மெஷினில் யார் போட்டார்கள் என்று அதில் இருக்கும். சீட்டைப் பார்த்து, குறையுள்ள சட்டையை அந்த மெஷினுக்கே திருப்பி அனுப்பிவிடலாம். பதினோரு வருஷமாக இதே வேலை. கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் கழுகு.

அந்தக் கழுகுதான் சொந்த மகளிடம் கோட்டை விட்டாள். பெரியவளுக்கு அப்போது எட்டு வயது. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள், படுக்கையை நனைத்தாள், கவுன் தோளில் நிற்காமல் தொளதொளவென்று தொங்கியது. ஓவர்டைம் முடித்து வந்த அலுப்பில், "எட்டு வயசுல படுக்கைய நனைக்கிற பிள்ளைய எங்கயாவது பாத்திருக்கியா?" என்று திட்டியதோடு சரி. ஒரு வாரத்தில் பிள்ளையை நினைவில்லாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. முதல் வகைச் சர்க்கரை நோய் என்றார்கள். உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே கணையத்துக்குள் புகுந்து, இன்சுலின் சுரக்கும் அணுக்களை எதிரி என்று நினைத்து அழித்துவிட்டனவாம். அன்று முதல் நாளுக்கு நாலு ஊசி.

இப்போது பெரியவளுக்குப் பதிமூன்று. ஊசியை அவளே போட்டுக்கொள்கிறாள். அம்மாவுக்குத்தான் இன்னும் அந்தச் சீட்டு கிடைக்கவில்லை. இது யார் பக்கத்திலிருந்து வந்தது?

"எங்க வம்சத்துல யாருக்கும் இது கிடையாது" என்று நாத்தனார் வீட்டுக்கு வரும்போதெல்லாம் காற்றிடம் சொல்வதுபோலச் சொல்வாள்.

"நம்ம வம்சத்துல வழுக்கை மட்டும்தான்க்கா" என்று கணவர் தலையைத் தடவிக்கொள்வார்.

அவளும் சிரித்து வைப்பாள். பிறகு பாத்திரம் தேய்க்கும்போது, தன் பக்கத்து ஆட்களை ஒவ்வொருவராக மனதில் விரித்துப் பார்ப்பாள். சித்திக்குத் தைராய்டு. அதுவும் உடம்பே உடம்பைத் தாக்குகிற நோய்தான் என்று யாரோ சொன்ன நாளிலிருந்து சித்தியோடு போனில் பேசுவது குறைந்துவிட்டது. சித்தி பாவம், காரணம் தெரியாமல் அவளே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

சின்னவளுக்கு இந்த வருஷம் எட்டு வயது. ஞாயிறுதோறும் காலையில் பெரியவளின் சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்துச் சின்னவள் விரலில் ஒரு குத்து. நூறுக்குள் வந்தால் அந்த வாரத்தை எப்படியோ தள்ளிவிடலாம். பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த ஞாயிறு சின்னவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தாள். விரலை நீட்டச் சொல்லிக் குத்தியதும் கருவி முந்நூற்றுப் பதினெட்டு என்று காட்டியது.

இன்னொரு முறை குத்திப் பார்க்கும் தெம்பு அவளுக்கு இல்லை. கணவர் வேலைக்குப் போயிருந்தார். இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு, காலுக்கு ஒன்றாக ஜோடி சேராத செருப்புகளை மாட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

பெரியவளை ஐந்து வருஷமாகப் பார்த்துவரும் நர்ஸ்தான் அன்று இருந்தார். சின்னவளின் விரலைப் பிடித்து முகர்ந்தார். குழாயடிக்குக் கூட்டிப்போய்ச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக் குத்தினார். தொண்ணூற்று நாலு.

"சர்க்கரை ஆரஞ்சுக்கு. உங்க பொண்ணுக்கு இல்ல."

"கை கழுவாம குத்தக் கூடாதுன்னு அம்மாதான் எனக்கு ஆயிரம் தடவ சொல்லியிருக்காங்க" என்றாள் பெரியவள்.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். நர்ஸிடம் கேட்டாள். "இது யார் பக்கத்துல இருந்து வருது, சிஸ்டர்?"

"ஒரு பக்கம்னு கைகாட்ட முடியாதும்மா. உங்ககிட்ட இருந்து கொஞ்சம் ஜீன், அவர்கிட்ட இருந்து கொஞ்சம். ரெண்டு பேருக்கும் அதால ஒன்னும் ஆகாம இருந்திருக்கலாம். ஜீன் இருந்தாலே வந்துடும்னும் இல்ல. அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கிற ரெட்டைப் பிள்ளைங்கள்லயே ஒன்னுக்கு வந்து இன்னொன்னுக்கு வராம இருக்கு. வேற என்ன தூண்டுதுன்னு இன்னும் முழுசா யாருக்கும் தெரியல."

"சின்னவளுக்கு?"

"கூடப் பிறந்தவங்கள்ல நூத்துக்கு அஞ்சாறு பேருக்கு வருது. குத்திக்கிட்டே இருந்து பிரயோஜனம் இல்லம்மா. ரத்தத்துல கணையத்தைக் குறிவைக்கிற எதிர்ப்பொருள் இருக்கான்னு ஒரு சோதனை இருக்கு. நோய் தலைகாட்டுறதுக்குப் பல வருஷம் முன்னாடியே சொல்லிடும்."

"இருக்குன்னு வந்தா நிறுத்த முடியுமா?"

"அடியோட நிறுத்த முடியாது. ஆனா பெரியவ வந்த மாதிரி நினைவில்லாம வர வேண்டியிருக்காது."

தெரியாமல் இருக்கும்வரை இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். தெரிந்துவிட்டால் ஒவ்வொரு நாளும் அந்த அம்பு ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"வேண்டாம், வீட்டுக்குப் போகலாம்" என்று எழுந்தாள்.

பெரியவள் எழவில்லை. "என்னை மாதிரி ஆயிடக் கூடாதுன்னு வாராவாரம் குத்துறீங்க. நான் பக்கத்துலயேதான் உட்கார்ந்திருக்கேன். கழிச்சுப் போட்ட சட்டை மாதிரி."

அம்மா அவளைப் பார்த்தாள். ஐந்து வருஷமாக அந்த முகத்தில் சோர்வையும் வியர்வையையும் நடுக்கத்தையும் தேடியிருக்கிறாள். இந்த வலியைத் தேடியதில்லை. மறுபடி உட்கார்ந்தாள்.

"எடுத்துக்கோங்க, சிஸ்டர்."

"வலிக்குமாக்கா?" என்றாள் சின்னவள்.

"என்கிட்ட வந்து கேக்குற பாரு" என்று பெரியவள் அவள் கண்ணைப் பொத்தினாள்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. தேடிப் பார்த்த நாலு எதிர்ப்பொருளில் ஒன்று இருந்தது. ஒன்று மட்டும் என்றால் பலருக்கு அதோடு நின்றுவிடும், ஆறு மாதத்தில் மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்றார் நர்ஸ். ஆமென்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் சித்தியைக் கூப்பிட்டாள். உடம்பைப் பற்றி எதுவும் கேட்காமல் அரை மணி நேரம் பேசினாள்.

அடுத்த ஞாயிறு காலை பழக்கத்தில் அலமாரியைத் திறந்தாள். கருவி அங்கே இல்லை. பெரியவள் அதைத் தன் பள்ளிப் பையில் வைத்துப் பூட்டுப் போட்டிருந்தாள். சாவியைக் கேட்கலாமா என்று கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்ச் சின்னவள் பக்கத்தில் படுத்து, பத்து மணி வரை தூங்கினாள்.