வெடிக்கு அஞ்சாத மாப்பிள்ளை

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் கணவர் கேட்டது ஒரே கேள்வி, குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்று. அதையும் என் அம்மாவிடம்தான் கேட்டார். எங்கள் நாய்க்கு மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிய அன்றோ மனிதருக்கு வாய் ஓயவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. உத்திரமேரூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். அவர் பம்புசெட் மோட்டார் ரிப்பேரும் பார்ப்பார். மிச்ச நேரமெல்லாம் ராஜபாளையம் நாய்கள்தான். அதில் ஒருத்தி நான் பால் ஊட்டி வளர்த்தவள். மாசு மருவில்லாத வெள்ளை, ரோஜா நிறத்தில் மூக்கு. நான் அடுப்படியில் இருந்தால் அவள் வாசற்படியில் இருப்பாள்.

அவளுக்கு முதலில் பருவம் வந்தபோது, "இன்னும் எலும்பு முத்தல" என்றார். அடுத்த முறை தோலில் சொறி இருந்ததால், உடம்பு தேறட்டும் என்றார். இன்னொரு முறை கிடைத்த ஆண் நாய் அவளுடைய தாய்வழிச் சொந்தமாம். "ஒரே ரத்தம், கூடாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இப்படியே வருஷங்கள் போயின. வருகிற தையையும் விட்டால் வயதான உடம்பு தாங்காது, அப்புறம் குட்டியே வேண்டாம் என்றும் அவரே தீர்ப்புச் சொன்னார். அவள் போன பிறகும் அவள் முகத்தோடு ஒன்று என் காலைச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

தீபாவளி கழிந்த கையோடு மானாம்பதிக்குப் போனோம். ஒரு சீப்பு வாழைப்பழம்கூட வாங்கிக்கொண்டேன், சம்பந்தம் பேசப் போகிறோமே. அந்த வீட்டுக்காரர் நெல் விவசாயி, என் கணவரைவிட மூத்தவர். அவருடைய நாயைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. உயரமும் நெஞ்சும் அப்படி, ஒரு புள்ளி இல்லாத வெள்ளை. கூலி எதுவும் வேண்டாம், ஈன்ற பிறகு ஒரு குட்டி கொடுத்தால் போதும் என்றார் அவர். அதுதான் வழக்கம்.

என் கணவர் நாயின் பல்லைப் பார்த்தார், பின்னங்காலைத் தடவினார், நடக்கவிட்டுப் பார்த்தார். இதன் தாய் எங்கே, கூடப் பிறந்ததெல்லாம் எப்படி இருக்கின்றன, காரணமில்லாமல் யாரையாவது கடித்ததா என்று கேட்டுக்கொண்டே போனார்.

"ஜாதகம் ஒண்ணுதான் கேக்கல" என்றேன்.

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "இதோட தைரியம் இன்னா தெரியுமா தங்கச்சி? தீபாவளிக்குக் காதாண்ட லட்சுமி வெடி வெச்சானுங்க. அசையலியே! ஊரே பேசிக்கினு கீது."

என் கணவரின் முகம் மாறியது. ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் கேட்டார். நாய் முதுகைக் காட்டிப் படுத்துக் கண் அசரும்வரை காத்திருந்தார். பிறகு காற்றுகூடப் படாத தூரத்தில் நின்று ஓங்கித் தட்டினார். கோழிகள் சிதறின, கொட்டகையில் கன்று துள்ளியது. நாயின் காது மடல்கூட ஆடவில்லை.

"பாத்தியா, சொன்னேனே!" என்றார் வீட்டுக்காரர்.

"தைரியம் இல்லண்ணே. அதுக்குக் காது கேக்கல."

"இன்னா பேசற நீ? நடந்து வந்தா திரும்பிப் பாக்குதே?"

"தரை அதிருதுண்ணே. அத்த வெச்சித் தெரிஞ்சிக்குது."

வீட்டுக்காரர் கோபமாக எழுந்து, தரை அதிராமல் அடிமேல் அடி வைத்துப் போய் நாயின் பின்னால் நின்று கூப்பிட்டார். இன்னொரு முறை சத்தமாகக் கூப்பிட்டார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "கூப்புட்டா வரலன்னு, திமிருன்னு நெனச்சி, அடிச்சிக்கினு இருந்தேனே" என்றார். நாய் விழித்துக்கொண்டு அவர் கையை நக்கியது. எங்களுக்கு வாழைப்பழத்தை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

பரிதாபம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து சண்டை பிடித்தேன். "காது கேக்காதது அது. பொறக்கப் போறது இன்னா பாவம் பண்ணிச்சி?"

"அத்தத்தான் நானும் கேக்கறேன். பொறக்கப் போறது இன்னா பாவம் பண்ணிச்சி?"

ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. குழம்பில் உப்புதான் பேசியது.

பருவம் நெருங்கும் நேரத்தில் புள்ளலூரில் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒரு காது முழுக்கப் பழுப்பு, முதுகிலும் திட்டு. பால்சோற்றில் டீத்தூள் கொட்டின மாதிரி இருந்தது. எனக்குப் பிடிக்கவேயில்லை. "வெள்ளையும் வெள்ளையும் சேந்தாத்தான் காது போவுது. கொஞ்சம் நெறம் இருக்கட்டும்" என்றார். அங்கேயும் தட்டு அடித்தார். அந்த நாய் துள்ளி எழுந்து வந்து, கரண்டியை மோந்து பார்த்துவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டது. "பயமும் இல்ல, காதும் கீது" என்று அவர் முகமெல்லாம் பல்லாகத் திரும்பினார். எங்கள் கல்யாண போட்டோவில்கூட அப்படிச் சிரித்ததில்லை.

குட்டிகள் பிறந்தன. பாதிக்குமேல் டீத்தூள்தான். வாங்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். குட்டிகளுக்குக் காது திறந்ததும் ஒரு காலை நானே தட்டை எடுத்து, அவற்றின் பின்னால் நின்று அடித்தேன். அத்தனை தலையும் ஒன்றாகத் திரும்பின. அதில் ஒரு முகம் அப்படியே அவள் முகம், ஒரு காது மட்டும் பழுப்பு. நான் அழுதுவிட்டேன், அவர் எதிரிலேயே.

புள்ளலூர்க்காரர் தன் பங்குக் குட்டியை எடுத்துப் போனார். இன்னொரு ஆண் குட்டியை என் கணவர் கூடையில் வைத்து மானாம்பதிக்குக் கொண்டுபோனார். பெண் குட்டி கொடுக்கலாமே என்றேன். "கொடுத்தா அவரு நாய்க்கே சம்பந்தம் பேசிடுவாரு" என்றார்.

அடுத்த ஆடியில் அந்த வழியாகப் போனபோது நானும் இறங்கிப் பார்த்தேன். பெரியது புளிய மரத்தடியில் படுத்திருந்தது, அதன் வயிற்றில் சாய்ந்தபடி சின்னது. வீட்டுக்காரர் கொல்லையிலிருந்து கூப்பிட்டார். சின்னது பெரியதன் மேலேயே மிதித்து ஏறி ஓடியது. பெரியது கண் திறந்து, அது ஓடும் திசையைப் பார்த்து, எழுந்து பின்னாலேயே ஓடியது.

அவர் இரண்டின் தலையையும் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். "இப்போ கூப்புட்டா வருது, தங்கச்சி."