போஞ்சி பூத்த வெற்று நிலம்

லுணுகலைக்கு மேலே காட்டோரத்தில் கருங்கல் உடைக்க அனுமதி கொடுத்தார்கள். வெட்டும் மரங்களுக்கு ஈடாக வேறு இடத்தில் மரம் நட வேண்டும், நட்டு முடித்த படம் கோப்புக்கு வந்த பிறகுதான் வெடி வைக்கலாம் என்பது நிபந்தனை. கல்லும் வேண்டுமாம், காடும் வேண்டுமாம். இரண்டையும் சமன் செய்துவிட்டதாக அழகாக எழுதியிருந்தார்கள். பதுளை அலுவலகத்தில் அந்தக் கோப்பைத் தட்டச்சு செய்தவன் நான்தான்.

மரம் நட ஒதுக்கியது, நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களுக்குப் பின்னால் இருந்த சரிவு. காகிதத்தில் அது வெற்று நிலம். அங்கே லயத்துச் சனங்கள் தலைமுறை தலைமுறையாக போஞ்சி, கத்தரி என்று மரக்கறி போட்டு வந்தார்கள். ஒரு துண்டு என் அக்காவுடையது. கொழுந்து பறித்த சம்பளம் சோற்றுக்கே சரியாகப் போனது. என்னைப் படிக்க வைத்தது அந்தத் துண்டுதான்.

ஊர் தெரிந்தவன் என்று அளக்கவும் என்னையே அனுப்பினார்கள். எங்கள் சனத்துக்கு ஒரு பைத்தியம் உண்டு. யார் அளவு நாடாவோடு வந்தாலும் காணி உறுதிப் பத்திரம் கொடுக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நம்பிவிடுவார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் அப்படித்தானே சொல்லி வைத்திருக்கிறார்கள்! அன்றும் புல்லை வெட்டி வழிவிட்டார்கள், பிளேன்டீ கொண்டுவந்தார்கள். அக்கா நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, ஒங்க மச்சான் பேரோட எம்பேரையும் சேத்து எழுதிருடா."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சனம் கூடும், வேலை நிற்கும், மேலதிகாரி என்னைத்தான் பிடிப்பார். நாடாவைச் சுற்றினேன். புறப்படும்போது அவள் கேட்டாள்.

"இந்தப் போகத்துக்குப் போஞ்சி போடலாமா?"

"போடுக்கா" என்றேன்.

போஞ்சி பூத்திருந்தபோது கன்றுகளோடு லொறி வந்து நின்றது. மறுநாள் படம் எடுக்க ஆட்கள் வருவதாக இருந்தது. செடிகளைப் பிடுங்கி மரம் நட வேண்டும் என்ற விஷயத்தைச் சனத்திடம் சொன்னேன். அக்காதான் முதலில் வாய் திறந்தாள்.

"ரெண்டு வாரம் குடுடா. காயப் பறிச்சுக்கிறோம்."

முடியாது என்றேன். யாரும் செடியில் கை வைக்கவில்லை. நானே இறங்கி அக்காவின் துண்டில் முதல் கொடியைப் பிடுங்கிப் போட்டேன். வேறு ஒருவர் துண்டில் தொடங்கினால் அடிதடியாகும், சொந்த அக்கா என்றால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள் என்று யோசித்துத்தான் அதைச் செய்தேன். நினைத்தபடியே நடந்தது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"தெரிஞ்சேதான் போடச் சொன்னியா?" என்று அக்கா கேட்டாள்.

"ஆமா."

அவள் மண் அப்பிய என் கையைப் பார்த்தாள்.

"நீ நல்லா வருவடா தம்பி. ரொம்ப நல்லா வருவ."

அந்த வருஷக் கடைசியில் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது.