சைதாப்பேட்டையில் இறங்கிய அந்தப் பெண்

அக்கா இறந்துபோன செய்தி வந்தபோது நான் தி. நகரில் ஒரு துணிக்கடையில் தலையணை உறை பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் அக்கா மகள் இரண்டே வாக்கியம்தான் பேசினாள். "சித்தி, அம்மா போயிட்டாங்க. வருவீங்களா?"

அக்காவும் நானும் பேசி நாலு வருஷம். ஒரு கல்யாண வீட்டில் ஆரம்பித்த சண்டை. யார் முதலில் என்ன சொன்னோம் என்று அன்றைக்கு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. உறைகளை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். போர்டைப் பார்த்தேனா என்று கேட்டால், தெரியாது.

"எங்கம்மா?" என்றார் கண்டக்டர்.

"அசோக் நகர்."

"அசோக் நகரா? இது அடையாறு வண்டிமா. மாறி ஏறிட்டீங்க. சைதாப்பேட்டைல எறங்கி வேற வண்டி புடிங்க."

தலையாட்டினேன். ஆனால் அவர் சொன்னது எதுவும் மனதில் நிற்கவில்லை. இறங்க வேண்டிய இடம் எது என்பதுகூட அடுத்த நிமிஷமே மறந்துவிட்டது. அழுகையும் வரவில்லை. நாலு வருஷம் பேசாமல் இருந்தவளுக்கு அழ உரிமை உண்டா என்று ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் ஜன்னலோரம் ஒரு பெண், இருபத்தைந்து வயதிருக்கும், மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். திடீரென்று குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

"இத்த கொஞ்சம் வச்சிக்கோக்கா."

அவள் கையில் வேறு பையோ, போனோ எதுவுமில்லை. குழந்தையைக் கொடுத்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. குழந்தை என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. எச்சில் விரலால் என் கன்னத்தைத் தட்டியது. அதைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்வதே பெரிய வேலையாகிவிட்டது. எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவேயில்லை.

"சைதாப்பேட்ட வந்துச்சு. எறங்குக்கா," என்று அவளும் எழுந்தாள்.

குழந்தையோடு நான் முன்னால், அவள் பின்னால். ரோட்டைக் கடக்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். எதிர்ப்பக்க ஸ்டாப்பில் கால் மணி நேரம் நின்றோம். "யாருக்கா, சொந்தமா?" என்று மட்டும் கேட்டாள். "அக்கா" என்றேன். "ம்" என்றாள்.

வடபழனி வண்டி வந்ததும் குழந்தையை வாங்கிக்கொண்டு என்னை ஏற்றிவிட்டாள். "அசோக் நகர்ல எறக்கி வுட்ருங்கண்ணா," என்று கண்டக்டரிடம் கத்தினாள். வண்டி நகர்ந்தபோது பார்த்தேன். அவள் மறுபடி ரோட்டைக் கடந்து, நாங்கள் இறங்கிய அதே ஸ்டாப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

அப்படியானால் சைதாப்பேட்டை அவள் இறங்கும் இடமே இல்லையா? எனக்காகவா இறங்கினாள்? அங்கே வேறு வண்டி மாற வேண்டியிருந்ததோ என்னவோ. பெயராவது கேட்டிருக்கலாம். ஒரு நன்றிகூடச் சொன்னதாக நினைவில்லை.

அசோக் நகர் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே போனால் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று தயங்கி நின்றேன். அக்கா மகள்தான் முதலில் பார்த்தாள். ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"எப்படி சித்தி வந்தீங்க?"

"பஸ்ல," என்றேன். அவள் என் கையைப் பிடித்து அக்காவிடம் கூட்டிக்கொண்டு போனாள்.